கூரைக்குள் மறைந்த ஆணி: ஃபுளோரிடாவில் வீட்டுக் கூரை ஆய்வின் வரலாறு

அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஃபுளோரிடா மாநிலத்தில், வீடு வாங்குவோரும் காப்பீட்டைப் புதுப்பிப்போரும் ஆய்வாளர் ஒருவரை வரவழைத்துக் கூரையையும் அதன் அடியிலுள்ள பரணையும் பார்க்கச் செய்வது இன்று அன்றாட நடைமுறையாகிவிட்டது. இந்நடைமுறையின் தோற்றத்தை 1992ஆம் ஆண்டின் ஆண்ட்ரூ சூறாவளியோடு இணைத்துப் பேசுவதே பெருவழக்கு. ஆனால் அது பாதி உண்மைதான். அந்தப் புயலுக்கு முன்பும் அங்கே கட்டட விதிகள் இருந்தன, அவற்றைச் சரிபார்க்கச் சம்பளம் பெறும் அரசு ஆய்வாளர்களும் இருந்தனர். கூரையை யார் பொருட்டு, எந்தக் கட்டத்தில், எவ்வளவு நெருங்கிப் பார்ப்பது என்பதைத்தான் ஆண்ட்ரூ மாற்றியது.

1920களின் நடுப்பகுதியில் மயாமியில் நிலவணிகம் உச்சத்தை எட்டியபோது, சூறாவளியைக் கண்டறியாத வடமாநிலத்தவர் பெருந்திரளாகக் குடியேறினர். அவர்களுக்கென வீடுகள் அவசர அவசரமாக எழுந்தன. 1926 செப்டம்பர் 18 அன்று வீசிய சூறாவளி அவற்றுள் பலவற்றின் கூரைகளைப் பிய்த்தெறிந்ததோடு நில்லாமல், புயலின் மையப் பகுதி நகரைக் கடந்தபோது நிலவிய சிறு அமைதியைப் புயலின் முடிவென எண்ணித் தெருவுக்கு வந்தவர்களையும் பலிகொண்டது. இரண்டே ஆண்டுகளில் ஒக்கிச்சோபி ஏரிக்கரையில் இன்னும் பெரிய பேரழிவு நேர்ந்தது. இவற்றின் விளைவாகக் கட்டட விதிகள் படிப்படியாக இறுகின. டேட் கவுண்டி, அதாவது மயாமியை உள்ளடக்கிய மாவட்ட அளவிலான நிர்வாகப் பிரிவு, 1957இல் தெற்கு ஃபுளோரிடா கட்டட விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டது. காற்றின் விசையைப் பொறுத்தவரை நாட்டின் மிகக் கடுமையான விதிகளுள் ஒன்றெனப் பின்னாளில் அது பெயர் பெற்றது.

1947இல் டேட் கவுண்டியின் உதவிப் பொறியாளராகப் பணியேற்ற ஹெர்பர்ட் சஃபிர் அக்காலத்து விதியாக்கத்தில் பங்குகொண்டவர். சூறாவளிகளை 1 முதல் 5 வரை தரம்பிரிக்கும் அளவுகோலை 1969 வாக்கில் வகுத்தவரும் அவரே. வானிலையாளர் ராபர்ட் சிம்சன் பின்னர் அதை விரித்தமைத்தார். வானிலை அறிக்கைகளில் நாள்தோறும் எடுத்தாளப்படும் அந்த அளவுகோல், இன்ன வேகக் காற்றில் ஒரு வீட்டுக்கு என்ன ஆகும் என்ற கட்டடப் பொறியாளரின் கேள்வியிலிருந்து பிறந்தது என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி.

ஃபுளோரிடாவின் வீட்டுக் கூரை எவ்வாறு அமைகிறது என்பதை அறிந்தால்தான் அதன் ஆய்வு ஏன் இவ்வளவு சிக்கலானது என்பது விளங்கும். ட்ரஸ் எனப்படும் முக்கோண மரச்சட்டங்கள் பெரும்பாலும் 2 அடி இடைவெளியில் சுவர்மேல் நிறுத்தப்படுகின்றன. அவற்றின்மேல் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட ஒட்டுப்பலகைகள் ஆணியால் அறையப்படுகின்றன. பலகையின்மேல் தார் தோய்த்த அடித்தாளும், அதன்மேல் ஷிங்கிள் எனும் தார்வில்லைகளோ ஓடுகளோ வேயப்படுகின்றன. புயற்காற்று சாய்வின்மேல் ஏறிக் கடக்கும்போது கூரையை அழுத்துவதைவிட மேல்நோக்கி இழுப்பதே மிகுதி. அந்த இழுவிசை கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டருகிலும் உச்சம் பெறுகிறது. ஒரு ஜன்னலோ கார்க் கொட்டகையின் கதவோ உடைந்துவிட்டால் உட்புகுந்த காற்றும் அடியிலிருந்து தள்ளத் தொடங்கும். அப்போது வீட்டைக் காப்பது ஓட்டின் எடையன்று, பலகையைச் சட்டத்தோடும் சட்டத்தைச் சுவரோடும் பிணைக்கும் ஆணிகளும் உலோகப் பட்டைகளுமே. இவையோ வேலை முடிந்த மறுநாளே கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. ஆணி சட்டத்தின் நடுவில் இறங்கியதா, பக்கவாட்டில் நழுவி வெறும் காற்றில் நிற்கிறதா என்பதை வெளியிலிருந்து எவரும் சொல்ல முடியாது.

1965இல் பெட்சி சூறாவளி கடந்த பின் ஏறத்தாழ 27 ஆண்டுகள் டேட் கவுண்டியைக் கடும் சூறாவளி எதுவும் நேரடியாகத் தாக்கவில்லை. இந்த இடைவெளியில் கவுண்டியின் தென்பகுதி முழுவதும் குடியிருப்புகள் பெருகின. ஆணிக்குப் பதிலாகக் காற்றழுத்தத் துப்பாக்கியால் விரைந்து அடிக்கும் ஸ்டேப்பிள் கம்பிகள் வழக்குக்கு வந்தன. ஸ்டேப்பிளின் முதுகு சட்டத்துக்கு இணையாக அமைந்தால் அதன் இரு கால்களும் மரத்தில் பதியும். குறுக்காக அமைந்தால் ஒரு கால் வெளியே போய்விடக்கூடும். வேகமாக வேலை செய்யும் கையால் இதைக் கவனிக்க இயலாது. எண்ணிக்கையில் குறைந்த ஆய்வாளர்களாலோ நாள்தோறும் குவிந்த வீடுகளுக்கு நடுவே ஒவ்வொரு கூரையிலும் ஏறிப் பார்க்க இயலவில்லை. விதிப்புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

1992 ஆகஸ்ட் 24 விடியற்காலையில் ஹோம்ஸ்டெட் நகரருகே கரைகடந்த ஆண்ட்ரூவின் காற்று, பத்தாண்டுகளுக்குப் பின் நடந்த மறுமதிப்பீட்டின்படி மணிக்கு சுமார் 265 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருந்தது. 25,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை சேதமடைந்தன. இத்தகைய காற்றின் முன் எந்த வீடும் நில்லாது என்ற விளக்கம் உடனடியாக முன்வைக்கப்பட்டது. அதை உடைத்தது மயாமி ஹெரால்டு நாளிதழின் ஆய்வு. செய்தியாளர் ஸ்டீவன் டாய்க், சேத ஆய்வுப் பதிவுகளைச் சொத்துவரிப் பதிவுகளோடு கணினியில் பொருத்திப் பார்த்தபோது, 1980க்குப் பின் கட்டப்பட்ட புதிய வீடுகளே பழையவற்றைவிட மிகுதியாகச் சிதைந்தமை புலப்பட்டது. அந்நாளிதழின் புயல்காலப் பணி 1993இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. கிராண்ட் ஜூரி எனப்படும் குடிமக்கள் விசாரணைக் குழுவும் 1992இன் இறுதியில் வெளியிட்ட அறிக்கையில் தரங்கெட்ட கட்டுமானத்தையும் தளர்ந்த ஆய்வையும் சுட்டியது. இன்னொரு சான்றும் கைவசம் இருந்தது: ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற தொண்டு நிறுவனத்துக்காகத் தன்னார்வலர்கள் கட்டிய எளிய வீடுகள் பெருஞ்சேதமின்றித் தப்பின. தொழில் பழகாத கைகள் ஐயத்தினால் வேண்டியதற்கு மேலும் ஆணி அடித்ததே காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. அது கேலியாகச் சொல்லப்பட்டாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை.

1994 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் ஆய்வைக் கட்டுமானத்தின் இடைக்கட்டங்களுக்குள் நுழைத்தன. பலகை அறைந்த நிலையில் ஒன்று, அடித்தாளைத் தகர வில்லைகளோடு ஆணியடித்துப் பிணைத்த நிலையில் ஒன்று, வேய்ந்து முடித்தபின் ஒன்று என, மேலடுக்கு கீழடுக்கை மறைப்பதற்கு முன்பே ஒவ்வொன்றையும் காண வேண்டியதாயிற்று. ஆண்ட்ரூவின்போது சாந்து வைத்துப் பதித்த ஓடுகள் கூட்டங்கூட்டமாகக் கழன்று பறந்து பிற வீடுகளை உடைத்திருந்தமையால், பதித்து முடித்த ஓடுகளில் சிலவற்றை மேல்நோக்கி இழுத்து அவற்றின் பிடிப்பைச் சோதிக்கும் முறையும் நிலைபெற்றது. ஜன்னல் மூடிகளுக்கு இன்னும் கடுமையான சோதனை வாய்த்தது. 9 பவுண்டு எடையுள்ள மரச்சட்டத்தைப் பீரங்கி போன்ற கருவியால் அவற்றின்மீது எறிந்து பார்த்தனர்.

இதே காலத்தில் ஆய்வுக்கு இரண்டாவது எசமானர் ஒருவர் தோன்றினார். ஆண்ட்ரூவின் இழப்பீட்டுச் சுமையால் 11 காப்பீட்டு நிறுவனங்கள் நொடித்துப்போயின. மற்றவை மாநிலத்தைவிட்டு விலக முயன்றன. 1993இல் மாநில அரசு சூறாவளிப் பேரிடர் நிதியத்தை நிறுவியது. 2002இல் மாநிலம் முழுமைக்குமான ஃபுளோரிடா கட்டட விதித்தொகுப்பும், தனியார் கைவிட்ட வீடுகளை ஏற்கும் சிட்டிசன்ஸ் என்ற அரசுசார் காப்பீட்டு அமைப்பும் வந்தன. புயலைத் தாங்கும் கூறுகள் உள்ள வீட்டுக்குப் பிரீமியத்தில் கழிவு தர வேண்டுமென்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அக்கூறுகள் உண்மையிலேயே உள்ளனவா என்று சான்றளிக்க ஒருவர் தேவைப்பட்டார். கட்டி முடித்துப் பல்லாண்டுகள் ஆன வீட்டில், புழுக்கம் நிறைந்த பரணுக்குள் ஊர்ந்து சென்று டார்ச் ஒளியில் ஆணி தேடும் தொழில் இவ்வாறு உருவானது.

இத்தொழிலின் அடிப்படை ஆவணம் 1802 என்ற எண்ணால் அறியப்படும் படிவம். பலகையை எத்தனை அங்குல ஆணி எவ்வளவு இடைவெளியில் பிடித்துள்ளது, ட்ரஸ்கள் சுவரோடு சாய்வாக அடித்த ஆணியால் மட்டும் இணைந்துள்ளனவா, கிளிப்பாலா, சட்டத்தைச் சுற்றி வளைக்கும் பட்டையாலா, கூரை நான்கு பக்கமும் சரிந்ததா, ஓடு பறந்தாலும் நீரைத் தடுக்கும் இரண்டாம் படலம் உண்டா என்பன போன்ற கேள்விகளை அது கேட்கிறது. கண்டவற்றுள் மிக வலுக்குறைந்த பிணைப்பையே குறிக்க வேண்டும் என்பது இதன் கண்டிப்பான விதி. கிளிப்பில் 3 ஆணி இருக்க வேண்டிய இடத்தில் 2 மட்டும் இருந்தமையால் கழிவை இழந்த வீடுகள் ஏராளம்.

பணம் தொடர்புடைய இடத்தில் பொய்ச்சான்றும் முளைத்தது. 2004, 2005ஆம் ஆண்டுகளின் தொடர் சூறாவளிகளுக்குப் பின் மாநில அரசு 2006இல் தொடங்கிய ‘மை சேஃப் ஃபுளோரிடா ஹோம்’ என்ற திட்டம் சுமார் 4 லட்சம் வீடுகளைக் கட்டணமின்றி ஆய்வு செய்தது. பெரிய சாதனைதான், ஆயினும் எண்ணிக்கையின் அவசரம் தரத்தைப் பாதித்தது. காப்பீட்டாளர்கள் மறு ஆய்வு செய்தபோது பல வீடுகளில் சான்றுக்கும் பரணில் கண்டதற்கும் பொருத்தமில்லை. அதன்பின் வீட்டு ஆய்வாளர்களுக்கு உரிமம் கட்டாயமாயிற்று. குறிக்கும் கூறுகளுக்குப் புகைப்படம் இணைக்க வேண்டியதாயிற்று. தெரிந்தே பொய் எழுதுவது குற்றமெனப் படிவத்திலேயே அச்சிடப்பட்டது. 1980களில் ஏணியேறாத ஆய்வாளரிடம் கேட்டிருக்க வேண்டிய சான்று, ஒரு தலைமுறை கழித்துப் புகைப்படமாக வந்து சேர்ந்தது.

அண்மைக் காலத்தில் விவாதம் ஆணியிலிருந்து கூரையின் வயதுக்கு நகர்ந்துள்ளது. பழைய கூரை என்ற ஒரே காரணத்தால் காப்பீட்டாளர்கள் வீடுகளை மறுக்கத் தொடங்கவே, 2022 மே மாதச் சிறப்புக் கூட்டத்தொடரில் சட்டமன்றம் தலையிட்டது. 15 ஆண்டுக்கு உட்பட்ட கூரையை வயதைக் காட்டி மட்டும் மறுக்கக் கூடாது. அதற்கு மேற்பட்டதாயின் உரிமையாளர் தம் செலவில் ஆய்வு செய்துகொள்ள வாய்ப்பளிக்க வேண்டும். இன்னும் 5 ஆண்டோ அதற்கு மேலோ அது பயன்படும் என்று தகுதிபெற்ற ஆய்வாளர் சான்றளித்தால் வயதுக் காரணம் செல்லாது. கட்டும்போது நகராட்சியின் கண்ணாகவும், பின்னர் காப்பீட்டாளரின் கண்ணாகவும் இருந்த ஆய்வாளர், இச்சட்டத்தின் கீழ் வீட்டு உரிமையாளர் தம் தரப்புக்கு அழைத்துவரும் சாட்சியாகவும் ஆகியிருக்கிறார்.