சீதனம்: கடன்காரர் தொடக்கூடாத சொத்து

இன்று சீதனம் என்றால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் நகையும் பணமும் என்றே பலர் எண்ணுகிறார்கள். சொல்லின் பொருள் நேர் எதிரானது. வடமொழி 'ஸ்திரீதனம்' தமிழ் நாவில் தேய்ந்து சீதனமாயிற்று. பெண்ணுக்கே உரிய செல்வம் அது. யாழ்ப்பாணத்தில் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டமும் சீதனத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) இரண்டோடும் கலக்காமல் தனியே வைத்தது.

பஞ்சம், நோய் போன்ற இக்கட்டில் கணவன் மனைவியின் சீதனத்தை எடுத்தாளலாம் என்கிறது பழைய இந்து தர்மநூல் மரபு. ஆனால் அந்த உரிமை அவனோடு நின்றுவிடும். அவனே எடுக்காதபோது, அவனுக்குக் கடன் கொடுத்தவர் அதில் கைவைக்க முடியாது. எவ்வளவு தெளிவான வேலி!

சிக்கல் வாரிசாக வந்த சொத்தில்தான். பழைய இந்துச் சட்ட உரைநூலான மிதாட்சரம் அதையும் சீதனத்தில் சேர்த்தது. பிரிட்டிஷ் ஆட்சியின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1867இல் சேர்க்க மறுத்தது. அதனால் அந்தச் சொத்தைப் பெண் ஆயுள்வரை அனுபவிக்கலாம், நினைத்தபடி விற்க முடியாது என்ற நிலை அன்று இருந்தது.

பழனிமலையில் வாழும் குன்னுவர் சமூகத்தார் வேறு வழி கண்டிருந்தார்கள். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மகளை அந்த வீட்டுக் கதவுநிலைக்கே மணம் முடிப்பார்கள் என்று 1906ஆம் ஆண்டு மதுரை மாவட்ட கெசட்டியர் பதிந்திருக்கிறது. தாலி இல்லை, வலக்கையில் வெள்ளிக் காப்பு. பெற்றோர் சொத்து அவளுக்கு, அவள் வழியாக அவள் மகனுக்கு. இந்த வழக்கத்தால் எழுந்த வாரிசுத் தகராறுகளில் கலெக்டர்களே திணறியதை, மதுரை நாட்டைப் பற்றிய தன் நூலில் ஆங்கில அதிகாரி நெல்சன் 1868இல் எழுதினார். நிலம் கைமாறாமல் காக்க ஒரு பெண்ணின் வாழ்வையே கதவுநிலையில் கட்டியதை என்னால் மெச்ச முடியவில்லை. ஆனாலும் மகளும் வாரிசு என்பதை அந்த மலை ஏற்றிருந்தது.

பிரிவி கவுன்சில் வைத்த ஆயுள்வரைக் கட்டுப்பாட்டை நீக்கி, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வாரிசாக வந்தாலும் சீராக வந்தாலும் பெண்ணே முழு உரிமையாளர் என்றது. சீதனத்தில் கணவனுக்குக் கூட்டுரிமை இல்லை என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

இத்தனைக்குப் பிறகும், பழனிமலை விவசாயி வீட்டில் பூண்டு விலை சரிந்தால் முதலில் அடகுக்குப் போவது மனைவியின் கழுத்து நகைதான். கணவன் வாங்கிய கடனுக்கு அவள் சொத்து பொறுப்பல்ல. ஆனால் கடன் பத்திரத்தில் ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டால் அந்தக் கடனுக்கு அவளும் பொறுப்பாகிவிடுகிறாள். ஆகவே அக்கா, தங்கையரே, எதில் கையெழுத்திடுகிறீர்கள் என்று படித்துக் கேட்டுவிட்டுப் பேனாவைத் தொடுங்கள். நகை ரசீதை உங்கள் பெயரிலேயே வாங்கி வையுங்கள்.