எரித்ரேயக் கடலின் கரை எது?

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்தில் வாழ்ந்த கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பு 'எரித்ரேயக் கடல் பெரிப்ளுஸ்'. சேரர் துறைமுகங்களான முசிறி, தொண்டி பற்றிப் பேசும் எவரும் அதைத் தொடாமல் போக முடியாது. தலைப்பிலுள்ள கடலைப் பலர் 'செங்கடல்' என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். எரித்ரா என்றால் கிரேக்கத்தில் சிவப்பு, அந்த அளவில் சரிதான். ஆனால் அந்த நூலின் கடல் எகிப்தின் மியோஸ் ஹோர்மோஸ், பெரெனிகே துறைமுகங்களில் தொடங்கி, ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை, அரேபியா, குஜராத், மலபார், சோழர் கரை என்று கங்கை முகத்துவாரம் வரை போகிறது. அதோடும் நிற்கவில்லை என்பதே என் கட்சி. அது நீர்ப்பரப்பின் பெயராக மட்டுமல்லாமல் ஒரு வணிக வட்டாரத்தின் பெயராகவும் வழங்கியது. கடல் காற்றே படாத, திருப்பூருக்கு அருகிலுள்ள பல்லடம் பக்கமும் அந்த வட்டாரத்தில் அடங்கும்.

பெயரின் வரலாறே இதற்கு இடம் தருகிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ், யூப்ரடிஸ் ஆறு எரித்ரேயக் கடலில் கலப்பதாக எழுதுகிறார். அதாவது இன்றைய பாரசீக வளைகுடாவும் அவருக்கு எரித்ரேயம்தான். நாம் இன்று செங்கடல் என்கிற குறுகலான நீருக்கு அவர் வைத்த பெயர் அரேபிய வளைகுடா. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அகதார்கிடிஸ், நிறத்தால் வந்த பெயர் என்ற விளக்கத்தையே ஏற்காமல், எரித்ராஸ் என்ற பாரசீகன் ஒருவனால் வந்த பெயர் என்கிறார். கதை உண்மையோ பொய்யோ, தண்ணீர் சிவப்பாக இருக்கிறதா என்ற கேள்வி அவர்களுக்கே முக்கியமாகப் படவில்லை. சங்கத் தமிழர் குணகடல், குடகடல் என்று தாம் நிற்கும் நிலத்திலிருந்து திசை பார்த்துப் பெயர் வைத்தார்கள். கிரேக்கர் கப்பல் போகும் தூரம் வரை ஒரே பெயரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

'எவ்வளவு இழுத்தாலும் கடல் கடல்தானே, அதற்குள் நிலம் எப்படி வரும்?' என்று கேட்கலாம். பெரிப்ளுஸ் ஆசிரியரிடமே பதில் இருக்கிறது. பரிகாஜா என்ற பரூச் துறைமுகத்திலிருந்து தெற்கே இருபது நாள் நடையில் பைத்தான், அங்கிருந்து கிழக்கே பத்து நாளில் தகரா என்று உள்நாட்டு ஊர்களுக்கு அவர் வழி சொல்கிறார். உறையூர் என்று கருதப்படும் அர்காரு கடற்கரையில் இல்லை என்று தெரிந்தே அதன் மெல்லிய துணியைப் பட்டியலில் சேர்க்கிறார். சரக்கு எங்கிருந்து கிளம்புகிறதோ அதுவரை அவருக்குக் கணக்கு. முசிறி, நெல்கிண்டா பக்கத்து ஏற்றுமதியில் பலவகை ஒளிபுகும் கற்களும் உண்டு. காங்கேயம் அருகே படியூரில் பச்சைக்கல், அதாவது பெரில், கிடைத்தது. நொய்யலின் வடகரையில் கொடுமணல் அகழாய்வில், பாதி வேலை முடிந்தும் முடியாமலும் கிடந்த கல்மணிகள், ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசுலி, தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் வந்தன. பதிற்றுப்பத்தில் அணிகலனுக்குப் பேர்போன கொடுமணம் இதுவே என்பது அறிஞர் கருத்து. இந்தக் கல் மேற்கே போகப் பாலக்காட்டுக் கணவாய் இருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு காசுகளைப் பற்றியது. கோவை வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த புதையல் போன்ற ரோமானிய வெள்ளிக் குவியல்கள் வெறும் வெள்ளிக்கட்டியாகக் கைமாறி, பல தலைமுறை கழித்தும் வந்திருக்கலாமே? சிலது அப்படி வந்திருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் தென்னிந்தியக் குவியல்களில் பெரும்பங்கு ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள். கி.பி. 64-இல் நீரோ வெள்ளியின் தரத்தைக் குறைத்த பின் வந்த காசுகள் இங்கே அரிது. காசின் தரத்தை உரசிப் பார்த்து வாங்கியவர்களின் வேலை இது. தற்செயலாக ஒதுங்கிய வெள்ளியில் இத்தனை கறார் இருக்காது. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதென்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியதை மிகை என்றே வைத்துக்கொண்டாலும், புலம்பலின் ஒரு முனை நொய்யல் ஓரத்தில் இருந்திருக்கிறது.

பல்லடத்துத் தறிக்காரர்களுக்கு இன்னொரு சான்று எளிதில் பிடிபடும். பெரெனிகே அகழாய்வில் கிடைத்த பருத்தித் துணித் துண்டுகளில் பலவற்றின் நூல் 'இசட்' முறுக்கு. எகிப்தில் நூற்பவர்கள் வழக்கமாகப் போட்டது 'எஸ்' முறுக்கு. முறுக்கின் திசையை வைத்தே அவற்றை இந்தியத் துணி என்கிறார்கள். அது கொங்கு நூல் என்று சொல்ல ஆதாரமில்லை, குஜராத்தாகவும் இருக்கலாம். கடலின் அந்தக் கரையில் ஒதுங்கிய கந்தலுக்கு இந்தக் கரையில் ஒரு நூற்கும் கை உண்டு என்பது மட்டும் உறுதி. கடலின் பெயர் வணிகத்தைக் குறிப்பது இன்றும் நடக்கிறது. 2023 நவம்பரில் யேமனின் ஹவுதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கி, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனபோது, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் 'செங்கடல் பிரச்சினை' என்று பேசியது சரக்குக் கட்டணத்தையும் தாமதமாகும் ஆர்டரையும்தான். பழைய எரித்ரேயப் பொருளுக்கு இது வெகு பக்கம். ஆனாலும் அந்த வழக்கைக் காட்டிப் பெரிப்ளுஸின் கடலைச் செங்கடல் என்று மொழிபெயர்ப்பது ஒவ்வாது. மாணவர் கண் உடனே வரைபடத்தில் எகிப்துக்கும் அரேபியாவுக்கும் நடுவிலுள்ள கீற்றுக்குப் போய்விடும். பாடநூல்கள் எரித்ரேயக் கடல் என்றே எழுதிவிட்டு, பாப் எல் மண்டப் நீரிணைக்கு வடக்கே இருப்பதை மட்டும் செங்கடல் என்று சொல்லலாம்.