ஐயர் மாறிய சபை: தஞ்சை, 1798–1835

1798ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள் கிறித்தியான் பிரெடெரிக் சுவார்ட்சு தஞ்சையில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 71. 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர் ஒருமுறையேனும் தாயகம் திரும்பாமல் 48 ஆண்டுகளை இம்மண்ணிலேயே கழித்தார். அடக்கத்தின்போது பாடுவதற்கென்று ஒரு ஞானப்பாட்டைத் தேர்ந்து வைத்திருந்தனர் என்றும், கூடியிருந்தோரின் அழுகையொலியில் அதனைப் பாட இயலாமற் போயிற்று என்றும் கூறுவர். மராட்டிய மன்னர் துளசாவின் தத்துப்புதல்வரும் சுவார்ட்சின் மாணவருமான சரபோஜி, தம் ஆசிரியரின் கல்லறைக்கென ஆங்கிலத்தில் தாமே சில வரிகளை யாத்தார். பின்னர் இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு ஒரு பளிங்குச் சிற்பமும் செய்வித்தார். மரணப்படுக்கையில் கிடக்கும் குருவின் கையை இளவரசர் பற்றி நிற்கும் அக்காட்சியை இன்றும் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் காணலாம்.

மன்னரின் துயரைச் சிற்பம் காட்டுகிறது. சபையின் கலக்கத்தைக் காட்டுவதற்கு அப்படியொரு பளிங்கு இல்லை. அக்காலச் சபையார் தம் குருவை 'ஐயர்' என்றே அழைத்தனர். ஐயர் ஒருவர் மறைந்து மற்றொருவர் வருவது எந்தச் சபைக்கும் இயல்பே. ஆயினும், வருபவர் எதனைத் தொடர வேண்டும், எதனை மாற்றலாம், அதனை முடிவு செய்யும் உரிமை வருபவருக்கா இருப்பவர்களுக்கா என்னும் வினாக்கள் தஞ்சைச் சபையை ஏறத்தாழ 40 ஆண்டுகள் அலைக்கழித்தன. அவ்வலைச்சலின் நடுவில் நின்றவர் ஒரு தமிழ்ப் புலவர். ஆதலின் இது சமய வரலாறாக மட்டும் நிற்பதன்று. தமிழ்ப் பாட்டின் வரலாறுமாகும்.

முதல் மாற்றம் அமைதியாகவே நிகழ்ந்தது. சுவார்ட்சின் இடத்துக்கு வந்த ஜான் காஸ்பர் கோல்ஹாஃப் சபைக்குப் புதியவர் அல்லர். 1762இல் தரங்கம்பாடியில் ஒரு குருவின் மகனாகப் பிறந்து, சுவார்ட்சின் அரவணைப்பில் வளர்ந்து, 1787இல் குருப்பட்டம் பெற்றவர். ஐரோப்பியப் பெற்றோரின் பிள்ளை எனினும் காவிரிக் கரையிலேயே வளர்ந்தவர். ஆசிரியர் எதனை எவ்வாறு விட்டுச் சென்றாரோ, அதனை அவ்வாறே காத்தார். பணி நிறைந்த குரு போனார் என்ற வருத்தம் சபைக்கு இருந்ததே தவிர, நெறி மாறியது என்ற அச்சம் எழவில்லை. 1811இல் தமிழர் நால்வருக்கு அவர் குருப்பட்டமும் வழங்கினார்.

அப்படியாயின், கலகத்தின் விதை எங்கே கிடந்தது? அதனைக் காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். தஞ்சையில் சீர்திருத்தச் சபை வேரூன்றியது சுவார்ட்சால் அன்று. அவர் இந்தியா வருவதற்கு ஏறத்தாழ கால்நூற்றாண்டுக்கு முன்பே, தஞ்சை அரசரின் படையில் பணியாற்றிய இராஜநாயக்கன் என்பார் தரங்கம்பாடியாரின் நூல்களைப் படித்து, அவர்களோடு இணைந்து, படைப்பணியைத் துறந்து உபதேசியாரானார். 1771இல் இறக்கும்வரை இப்பகுதிச் சபைகளுக்கு உழைத்தவர் அவர். 1733இல் முதல் தமிழ்க் குருவைத் தேர்ந்தபோது அவர் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் பட்டம் பெற்றவர் ஆரோன். பின்னர் மீண்டும் ஓர் இடம் வந்தபோதும் அவருக்கு அது கிட்டவில்லை. அவர் பறையர் சமூகத்தவர். அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற வேளாளர் முதலியோர் இசையமாட்டார் என்பதே காரணம். சபையை நட்டவருக்கு அச்சபையின் குருவாகும் தகுதி மறுக்கப்பட்டது. ஐயர் மாற்றம் என்னும் இக்கதையில் முதலில் எழுத வேண்டிய பெயர் வராமற்போன அந்த ஐயருடையது.

சுவார்ட்சு இவ்வேற்றுமையை விரும்பினார் என்று சொல்லுதல் தகாது. எனினும், இடித்துத் தகர்க்கவும் முனைந்தாரல்லர். ஆலயத்தில் ஒரு புறம் வேளாளர் முதலியோரும் மறுபுறம் பறையர் சமூகத்தாரும் அமர்ந்தனர். திருவிருந்தில் கிண்ணம் ஒன்றே; ஆனால் பருகும் முறையில் முன்னும் பின்னும் உண்டு. காலமும் போதனையும் இதனைக் கரைக்கும் என்பது அவர் நம்பிக்கை. அவர் வாழ்நாளில் அது கரையவில்லை. அவருக்குப் பின் 'சுவார்ட்சு ஐயர் அனுமதித்த வழக்கம்' என்னும் பெயரோடு இறுகியது. மறைந்த பெரியவரின் பொறுமை, இருப்போர் கையில் சட்டமாகிவிடுதல் சபைகளில் மட்டும் காணப்படுவதன்று.

இந்நிலையில்தான் வேதநாயக சாஸ்திரியாரைச் சந்திக்க வேண்டும். 1774இல் திருநெல்வேலியில் வேளாளக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அவரை, ஏறத்தாழ 12 வயதில் சுவார்ட்சு தஞ்சைக்கு அழைத்து வந்தார். சரபோஜியும் அவரும் ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள். தரங்கம்பாடியிலும் கல்வி கற்று, இளம் பருவத்திலேயே தஞ்சைப் பள்ளியின் தலைமை ஏற்றார். 1800ஐ ஒட்டி அவர் இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி'யில் தேவமோகினி என்னும் தலைவி இயேசுபிரானை எண்ணி ஏங்குகிறாள். குறத்தி வருகிறாள், குறி சொல்கிறாள். இடையே, மேனாட்டு வானநூல் கண்ட கோள்களின் இயக்கமும் தமிழ்ச் சந்தத்தில் புகுகிறது. கோப்பர்னிக்கசின் கொள்கையைக் குறவஞ்சிக்குள் கொண்டுவந்த துணிவு ஒன்றே அவரைத் தமிழிலக்கிய வரலாற்றில் நிறுத்தப் போதுமானது. சரபோஜியைத் தலைவனாக்கிக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் குறவஞ்சி பாடியதும் இதே தஞ்சைதான். சிற்றிலக்கியம் என்று நாம் பெயரிட்டு ஒதுக்கும் வடிவங்கள் அன்று எத்தனை உயிர்ப்போடு இருந்தன என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

சபை அதுவரை பாடியவை பெரும்பாலும் செருமானிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகள். பப்பிரிசியுஸ் முதலியோர் அன்போடு மொழிபெயர்த்தவை அவை. ஆயினும் தமிழ்ச் செவிக்கு அயலானவை. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளோ பல்லவியும் அனுபல்லவியும் சரணமுமாக, கதிரறுப்பிலும் திருமணத்திலும் துக்க வீட்டிலும் தாமே வாயில் வந்தமர்ந்தன.

மாற்றத்தின் இரண்டாம் அலை ஆட்களோடு அமைப்பையும் சேர்த்துக்கொண்டு வந்தது. 1814இல் கல்கத்தாவில் ஆங்கிலத் திருச்சபையின் பேராயர் பதவி ஏற்பட்டது. அதுவரை தஞ்சை மிஷனைத் தாங்கிவந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம், 1825ஐ ஒட்டிப் பொறுப்பை நற்செய்தி பரப்புச் சங்கத்திடம் ஒப்படைத்தது. லுத்தரன் குருக்களை ஆங்கிலச் சங்கம் போற்றிய பழைய நெகிழ்ச்சியான ஏற்பாடு முடிவுக்கு வந்தது. மறுபுறம், 1814இல் சென்னைக்கு வந்த இரேனியுஸ், பப்பிரிசியுசின் விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தி எளிய நடையில் புதிதாக எழுதத் தொடங்கினார். 1820களின் பிற்பகுதியில் டேனியரான ஹௌப்ரோ தஞ்சைக்கு வந்தார். கோல்ஹாஃப் இருந்தார், ஆனால் முதுமையின் நிழலில் இருந்தார். வேகம் இளையவரிடம் இருந்தது.

சாஸ்திரியார் புதிய ஐயர்மார் மீது சுமத்திய குற்றங்கள் நான்கு. பழகிய வேதப்புத்தகத்தைத் திருத்துகின்றனர். சாதிகளை வலிந்து ஒன்றாக்குகின்றனர். மங்கல நிகழ்ச்சிகளில் மலர் கூடாதென்கின்றனர். ஆலயத்திலிருந்து தமிழ்ப் பாட்டையும் இசையையும் அகற்றுகின்றனர். 1829இல் எழுதிய 'சாதியாசாரசம்பாவினை' என்னும் நூலிலும், சபையார் எழுதிய விண்ணப்பங்களிலும் இம்முறையீடு மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது.

இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது எளிது. அவ்வாறே பலரும் செய்துள்ளனர். புலவரைப் போற்றுவோர் பாட்டையும் மலரையும் பேசிச் சாதியைக் கடந்து செல்வர். சீர்திருத்தத்தைப் போற்றுவோர் சாதியைப் பேசிப் பாட்டை மறப்பர். இரண்டும் நேர்மையாகா. வேதப்புத்தகத்தைப் பொறுத்தவரை, புதிய மொழிபெயர்ப்பு தமிழாகச் சிறந்ததாகவே இருந்திருக்கலாம். இரேனியுஸ் தமிழிலக்கணம் எழுதும் அளவுக்கு மொழியறிந்தவர். ஆயின் 1772 முதல் புழங்கிய புதிய ஏற்பாட்டின் சொற்கள் இரண்டு தலைமுறையின் மனப்பாடமாகியிருந்தன. இறந்த தாயின் அருகில் சொல்லிய வாக்கியத்தை இலக்கணப் பிழை என்று ஒருவர் திருத்தினால் எழும் சினத்தை மொழியியல் கொண்டு ஆற்ற முடியாது. மலரும் பாட்டும் பற்றிய முறையீட்டில் நியாயம் முழுவதும் சாஸ்திரியார் பக்கமே. மல்லிகையைச் சூடினால் அஞ்ஞானம் என்பதும், தமிழ்ப் பண்ணில் பாடினால் கோயில் மணம் வீசுகிறது என்பதும், வடஐரோப்பிய ஊரொன்றின் வழக்கத்தையே திருமறை என மயங்கியதன் விளைவு.

சாதியைப் பற்றியதோ அவ்வாறன்று. அது குலமரியாதை, உலகியல் வழக்கம், சமயத்தைத் தொடாதது என்று புலவர் தம் புலமை முழுவதையும் செலுத்தி வாதிட்டார். வாதம் நுட்பமானது, ஆனால் அவ்வழக்கம் திருவிருந்துக் கிண்ணத்தையும் குருப்பட்டத்தையும் தொட்டிருந்தது. இராஜநாயக்கனின் வாழ்க்கையே அதற்குச் சான்று. விண்ணப்பம் எழுதியோர் தம்மைச் 'சூத்திரக் கிறித்தவர்' என்றே குறித்துக்கொண்டனர். ஆலயத்தின் மறுபுறம் அமர்ந்தோரின் பெயரில் அவ்விண்ணப்பங்கள் பேசவில்லை; சபை என்ற சொல்லோ இருபுறத்தையும் குறித்தது.

துயரம் என்னவெனில், இரு தரப்பாரும் ஒரே முடிச்சைப் போட்டனர். புதிய ஐயர்மார் சாதியை ஒழிக்க வந்தபோது மலரையும் பண்ணையும் சேர்த்து ஒழிக்க முயன்றனர். புலவர் பண்ணைக் காக்க எழுந்தபோது சாதியையும் சேர்த்துக் காத்தார். முடிச்சை அவிழ்க்கும் விரல் அன்று தஞ்சையில் இல்லை.

பேராயர் ஹீபர் அதற்கு முயன்றிருக்கக்கூடும். 1826 மார்ச்சில் தஞ்சைக்கு வரும் வழியில் சிதம்பரத்திலிருந்து எழுதிய கடிதத்தில், இவ்வழக்கங்களில் சமயத்தைச் சார்ந்தவை எவை, வெறும் உலகியல் எவை என வினவினார். கடுமை மிகுந்துவிட்டதோ என்ற ஐயமும் அவருக்கு இருந்தது. தாமே கவிஞரான அவர், மார்ச் 26ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவன்று தஞ்சையில் வழிபாடு நடத்தினார். மாலையில் தமிழிலேயே ஆசி கூறினார். எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 3இல், திருச்சிராப்பள்ளியில் நீராடுகையில் உயிர் நீத்தார். தொடங்கிய விசாரணை அவரோடு நின்றது.

பின்னர் நிகழ்ந்தவை விரைவானவை. சாஸ்திரியார் மிஷன் பணியிலிருந்து நீக்கப்பட்டார். பழைய பள்ளித் தோழராகிய சரபோஜி அவரை ஆதரித்தார். 1830இல் ஹௌப்ரோ இறந்தார். 1832இல் மன்னரும் மறைந்தார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உறுதியாகவும் உடனடியாகவும் முடிவாகவும் கைவிடுமாறு சுற்றறிக்கை விடுத்தார். ஆலயங்களில் அது படிக்கப்பட்டபோது கூட்டங்கூட்டமாக எழுந்து வெளியேறினர். 1835இல் வில்சனே தஞ்சைக்கு வந்து பேசியும் பிளவு முற்றும் ஆறவில்லை. 1840இல் தரங்கம்பாடிக்கு வந்த செருமானிய லுத்தரன் மிஷன் சாதிப் பொருளில் மென்மையாக நடந்துகொண்டது; வெளியேறியோர் பலர் அதில் புகலடைந்தனர். கோல்ஹாஃப் இவையனைத்தையும் கண்டு 1844 மார்ச்சில் கண்மூடினார். குருவாக அவர் பணியாற்றிய ஆண்டுகள் 57.

முடிச்சு அவிழ்ந்தது மதுரையில். அங்கிருந்த அமெரிக்க மிஷன் சாதி எதிர்ப்பில் வில்சனுக்குச் சற்றும் இளைத்ததன்று. 1847இல் உடனுண்ண மறுத்த உபதேசியார் பலரை இழக்கவும் துணிந்தது. அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர்தாம், மேனாட்டு மெட்டுகள் மக்கள் நெஞ்சில் இறங்கவில்லை என்பதை உணர்ந்து, தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி 1853இல் வழிபாட்டு நூலாக அச்சிட்டார். அதில் பெரும்பகுதி தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடையது. தஞ்சையில் எந்த ஆலயத்தின் வாயில் அப்பாடல்களுக்கு அடைக்கப்பட்டதோ, அவ்வாலயங்களும் நாளடைவில் அவற்றைப் பாடத் தொடங்கின. ஒரே கிண்ணத்தில் முறை பாராமல் பருகும் சபைகள், முறை பார்த்த புலவரின் பல்லவியைப் பாடின.

அந்நூல் வெளிவந்தபோது சாஸ்திரியாருக்கு வயது 79. அதன்பின்னும் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1864 ஜனவரி 24ஆம் நாள், சுவார்ட்சு மறைந்த அதே தஞ்சையில் காலமானார்.