பூமத்திய ரேகையைக் கடந்தவர்கள்

1602 மே 31ஆம் திகதி ஜோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் என்ற ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் நங்கூரமிட்டார். முந்திய ஆண்டு மே 5ஆம் திகதி சீலாந்து மாகாணத்தின் வீரே துறைமுகத்திலிருந்து மூன்று கப்பல்களுடன் புறப்பட்டவர். அவர் கண்டி மன்னன் விமலதர்மசூரியனைச் சந்தித்ததும், 1638இல் புளியந்தீவுக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியதும் நாம் பாடசாலையிற் படித்தவை. இடையிலிருந்த கடற்பயணத்தைப் பற்றிப் பாடநூல் பேசவில்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த அக்கப்பல்கள் பூமத்திய ரேகையை இருமுறை கடந்திருந்தன.

ஐரோப்பிய மாலுமிகளுக்கு அந்த ரேகை வெறும் கணக்கன்று. காற்று அடங்கிப் பாய்கள் தொங்கிப்போகும் வட்டாரம் அது. குடிநீர் நாறும், உணவு கெடும். முதன்முறையாக அதைக் கடப்பவனை ஒரு சடங்கின் மூலமே தம்முள் ஒருவனாக ஏற்றுக்கொண்டார்கள். 1529இல் சுமத்திராவுக்குச் சென்ற பார்மன்தியே சகோதரர்களின் பிரெஞ்சுக் கப்பல்களில் ஏறத்தாழ ஐம்பது பேருக்கு இவ்வாறு வீரப்பட்டம் சூட்டப்பட்டது. ஒல்லாந்தரிடம் வழக்கம் முரடாக இருந்தது. போர்த்துக்கல் கரைக்கு அப்பாலுள்ள பெர்லெங்காஸ் பாறைகளைத் தாண்டும்போதே புதியவனைக் கயிற்றிற் கட்டி, பருமல் எனப்படும் பாய்மரக் குறுக்குமரத்திலிருந்து கடலில் முக்கி எடுப்பார்கள். காசோ மதுவோ கொடுத்தவன் தப்பிக்கொள்வான். கலகங்களுக்கு அஞ்சிய கிழக்கிந்தியக் கம்பனி பின்னர் தடை விதித்தது. மாலுமியின் வழக்கத்தைக் கட்டளையால் ஒழிக்க முயன்ற எந்த நிர்வாகம் முழு வெற்றி கண்டிருக்கிறது?

இச்சடங்குக்கு ஆளானவர்களுள் மிகப் புகழ்பெற்றவர் ஒரு மாணவப் பருவத்து இளைஞர். கேம்பிரிட்ஜ் படிப்பை முடித்த கையோடு, இயற்கையைக் கற்கவென்று பீகிள் கப்பலில் ஏறிய சார்ள்ஸ் டார்வின். 1832 பெப்ரவரி 17ஆம் திகதி, தமது 23ஆம் பிறந்தநாள் கழிந்து ஐந்தாம் நாள், அவருடைய கண்ணைக் கட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு பலகையில் இருத்தினார்கள். முகத்திலும் வாயிலும் கீலையும் வர்ணத்தையும் பூசி, சொரசொரப்பான இரும்பு வளையத்தாற் சுரண்டினார்கள். பிறகு பலகையைச் சரித்து நீர்த்தொட்டிக்குள் வீழ்த்தினார்கள். கடலரசன் நெப்டியூனின் பெயரால் நடந்த கூத்து இது. மற்றவர்களுக்கு நேர்ந்தது இதைவிட மோசம் என்று அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

எழுதி வைத்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சடங்கு இருந்ததால் அந்த நாள் நினைவில் நின்றது, பதிவிலும் நின்றது.

நம்மவர் கடந்ததற்கு அத்தகைய பதிவு இல்லை. 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை தாக்கிய ஸ்ரீவிஜயத்தின் பழைய தலைநகரான பலெம்பாங், ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை அடுக்கிச் சொல்கிறது. கலம் செலுத்தியவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மட்டக்களப்பிலிருந்து நேர் தெற்கே சுமார் 850 கிலோமீற்றரில் ரேகை வந்துவிடும். கடலில் அதற்கு அடையாளம் கிடையாது, வானில் உண்டு. வாவிக்கரையில் நின்றால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே எட்டுப் பாகைக்குள்தான் தெரியும். தெற்கே போகப் போக அது தாழ்ந்து, ரேகையை அண்டியதும் மறைந்துவிடும்.

2012ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் படகுகளில் அவுஸ்திரேலியாவை அடைந்தனர். தமிழரே பெரும்பான்மையினர், நமது கரையிலிருந்து சென்றோரும் பலர். மீன்பிடி றோலர்களில், மீன் அறைக்குள்ளும் ஆட்களை அடைத்துக்கொண்டு, ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் கடந்து கொக்கோஸ் தீவுகளுக்குப் போனார்கள். தெற்கே 12 பாகையிலுள்ள அத்தீவுகளில்தான் டார்வின் 1836 ஏப்ரலில் பவளப்பாறைகளை ஆராய்ந்தார். படகில் வந்த பலரைப் பின்னர் அடைத்து வைத்த தடுப்பு முகாம்கள் இருந்த நகரத்தின் பெயரும், வேடிக்கையாக, டார்வின்.

2012இன் பிற்பகுதியிலிருந்து பலர் விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டனர். அப்படித் திரும்பிய வாகரைப் பக்கத்து மீனவர் ஒருவரிடம், ரேகையைக் கடந்தது தெரிந்ததா என்று கேட்டேன். ரேகை என்ற சொல் அவருக்குப் பொருட்டாக இருக்கவில்லை. சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அஞ்சாம் நாளோ ஆறாம் நாளோ, ராவு பார்த்தன் சேர், வடக்கால அந்த வெள்ளியக் காணல்ல. பொடியனுகளுக்குச் சொல்லல்ல. பயந்திருவானுகள்."

கரையில் இறக்கியதும் அவருக்கு மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் கொண்ட படகு அடையாளம் கொடுத்தார்கள். முகாமில் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம். நான் கேட்காமலே அதை ஒப்புவித்தார்.