தமிழ்த் திரையில் அச்சமும் நகையும்: ‘காஞ்சனா’வை முன்வைத்து ஒரு நோக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபொழுது நகையை முதலாவதாகவும் அச்சத்தை ஐந்தாவதாகவும் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களையும் கூறினார். அச்சத்தின் களன்களுள் முதலில் நிற்பது அணங்கு. நகையின் களன்களுள் முதலில் நிற்பது எள்ளல். பேதைமையும் மடனும் நகைக்கு உரியனவே. பேய் நகைச்சுவைப் படம் எனப்படுவது இவ்விரு மெய்ப்பாடுகளையும் ஒரே காட்சியில் எழுப்ப முயலும் கலை வடிவமாகும். தமிழுக்கு இது புதியதன்று. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடிக் களத்திலே கூழட்டு உண்ணும் பேய்கள் அச்சத்திலும் பார்க்கச் சிரிப்பையே மிகுதியும் விளைவிக்கின்றன. மட்டக்களப்புப் பிரதேசத்து மகிடிக் கூத்தில் மந்திரவாதிகளின் போட்டி நகைச்சுவையோடு ஆடப்படுகின்றது. ஊரார் அஞ்சுகின்ற மந்திரத்தையே ஊரார் கூடி நகையாடும் வாய்ப்பு அது.

திரைப்படத்தைப் பொறுத்தவரை, 1948இல் அமெரிக்காவில் அபொட்டும் கொஸ்டெல்லோவும் பிராங்கன்ஸ்டைன் பூதத்தைச் சந்தித்த படம் இவ்வகைக்கு முன்னோடிகளுள் ஒன்று. தமிழில் 1964இல் வெளிவந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யை முதலிற் குறிப்பிடல் வேண்டும். அது பேய்ப் படமன்று. எனினும், படம் எடுக்கப் போவதாகக் கூறித் திரியும் மகன் (நாகேஷ்) தன் தந்தைக்கு (டி. எஸ். பாலையா) ஒரு திகிற் கதை சொல்லும் காட்சி இத்துறையில் இன்றளவும் விஞ்சப்படாதது. அங்கே பேயில்லை, ஒப்பனையில்லை, குரலும் கையசைவும், கேட்பவரின் முகமுமே உள்ளன. அஞ்சுபவரின் மடமையே நகைக்குக் களன், எவரும் எள்ளப்படவில்லை.

மலையாளத்தில் 1993இல் பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ கன்னடத்தின் வழியாகத் தமிழுக்கு வந்து 2005இல் பி. வாசுவின் ‘சந்திரமுகி’ ஆயிற்று. ரஜினிகாந்தின் செல்வாக்கும் வடிவேலுவின் அச்சமும் சேர்ந்து இவ்வகைப் படத்திற்குப் பெருஞ்சந்தை உண்டென்பதை மெய்ப்பித்தன. 2007இல் ராகவா லாரன்ஸ் ‘முனி’யை இயக்கினார். அதன் தொடர்ச்சியாக 2011 யூலையில் ‘காஞ்சனா’ வெளியாயிற்று.

கதை பலரும் அறிந்தது. பேயென்றாற் தாயின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் இளைஞன் ஒருவன், பாழ்நிலம் ஒன்றிலே நண்பருடன் கிரிக்கெட் ஆடச் செல்கின்றான். நிலத்தில் ஊன்றிய விக்கெட் தடியில் இரத்தம் படிகின்றது. அந்நிலத்தின் கீழே கிடப்பவர் மூவர்: காஞ்சனா என்னும் திருநங்கை, பெற்றோர் துரத்திய அவருக்கு அடைக்கலம் கொடுத்த முஸ்லிம் பெரியவர், அப்பெரியவரின் மனவளர்ச்சி குன்றிய மகன். மருத்துவமனை கட்டுதற்கென்று காஞ்சனா வாங்கிய நிலத்தை அரசியல்வாதி ஒருவன் அபகரித்து, மூவரையுங் கொன்று, அந்நிலத்திலேயே புதைத்துவிடுகின்றான்.

இப்படத்தின் கவர்ச்சிக்குக் காரணம் தேடுவோர் பெரும்பாலும் லாரன்ஸின் ஆட்டத்தையே சுட்டுவர். அது பாதி உண்மை. மறுபாதி கோவை சரளாவும் தேவதர்ஷினியும் ஆவர். மாமியும் மருமகளும் இரவிலே வீட்டுக்குள் பேயைச் சோதிக்கும் சடங்குகளில், நடுங்கிக்கொண்டே ஒருவரையொருவர் முன்னே தள்ளும் அந்த நடிப்பு, எந்தக் கிராமத்து வீட்டிலும் நடக்கக்கூடியது. காஞ்சனாவாகத் தோன்றிய சரத்குமாரின் துணிவும் பாராட்டத்தக்கதே. தமிழக அரசு திருநங்கையர்க்கு நல வாரியம் அமைத்தது 2008இல். மூன்றாண்டுகளுள் முன்னணி நாயகர் ஒருவர் அப்பாத்திரத்தைச் சேலை உடுத்து ஏற்றது சிறிய செயலன்று.

ஆயினும் குறை அங்கேயே தொடங்குகின்றது. இடைவேளைக்கு முன்னர், ஆவி புகுந்த இளைஞன் சேலையுடுத்து, பெண் நடை நடந்து, பெண் குரலிற் பேசுகின்றான். அரங்கு அதிரச் சிரிப்பதற்காகவே அக்காட்சிகள் அமைக்கப்பட்டுள்ளன. பின்னர்க் காஞ்சனாவின் வரலாறு வரும்பொழுது, எந்த உடலைக் கண்டு சிரித்தோமோ அவ்வுடலுக்காகவே அழுமாறு படம் கேட்கின்றது. சிரித்தமைக்காக நாணும் ஒரு கணத்தைக்கூட அது இரசிகருக்குத் தரவில்லை. நாகேஷின் காட்சியில் மடன் விளைத்த நகை, இங்கே எள்ளலாகத் திரிந்துவிட்டது. 2020இல் லாரன்ஸே இதனை ‘லக்ஷ்மி’ என இந்தியில் எடுத்தபொழுதும் இம்முரண் தீரவில்லை.

இன்னொரு குறை அம்பாறைக் கரையோரத்து இரசிகருக்கு உடனே புலப்படும். முஸ்லிம் பெரியவரின் ஆவி புகுந்ததும் இளைஞன் இந்தி பேசத் தொடங்குகின்றான். கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே. தமிழகத்தின் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அவ்வாறே. ஆயினும் முஸ்லிமென்றால் ‘பாய்’, பாயென்றால் பிறமொழி என்னும் சூத்திரத்தைத் தமிழ்த் திரை விடுவதாயில்லை. நல்லவராகப் படைக்கப்பட்ட பாத்திரத்திற்கே இக்கதி.

இவற்றையெல்லாம் மீறி இப்படத்தில் ஒரு வலிமை உண்டு. பேய் இங்கே பழைய அரண்மனையிலோ புளியமரத்திலோ வாழவில்லை. பறிக்கப்பட்ட நிலத்தின் கீழே கிடக்கின்றது. அது கேட்பது குருதியன்று, கணக்கு. சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில் இக்கதையைப் பார்ப்பவர் அதனை வெறுங்கதையாகக் காண்பது கடினம். 1990 ஆகஸ்ட் 12ஆந் திகதி அவ்வூர்ப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். அதே மாதம் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதன்பின் இரு சமூகத்தாரும் அஞ்சி வாழ்ந்த அயலூர்களில், முஸ்லிம் பெரியவரும் காஞ்சனாவும் ஒரே குழியிற் கிடந்து ஒரே உடலில் எழுந்து வருவது, இயக்குநர் எண்ணிப் பாராத ஒரு பொருளைப் பெறுகின்றது.

அப்பொருளைத் தாங்கும் ஆற்றல் படத்தின் முடிவுக்கு இல்லை. ஒரு வில்லன், ஓர் ஆவி, ஒரு பழிவாங்கல் என்று அது முடித்துக்கொள்கின்றது. நீதிமன்றமோ விசாரணையோ சாட்சியோ பழிவாங்கலுக்குக் குறுக்கே வருவதில்லை. கோயிலுக்குள் ஓடி ஒளியும் வில்லனைத் தெய்வமே ஆவியிடம் விட்டுவிடுகின்றது. திரையரங்கு கைதட்டுகின்றது. வீரமுனையிலோ காத்தான்குடியிலோ இறந்தோர் எவரும் எழுந்து வந்து பெயர் சொல்லவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டில் அவர்களை நினைவுகூர்வோர் உயிரோடிருக்கும் உறவினரே.