இசையரசி பெற்ற வரிசைகள்

பாடுவோர்க்குப் பரிசில் நல்கிச் சிறப்பித்தல் தமிழ் மக்களின் தொன்மரபாகும். சங்ககால வேந்தர் பாணனுக்குப் பொற்றாமரை சூட்டியபோது, உடன்வந்த விறலிக்கும் பொன்னணி வழங்கினர். ஆணும் பெண்ணும் ஓரவையில் வரிசை பெற்ற அம்மரபு பிற்காலத்தில் தளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது மீண்டும் தளிர்த்தவாற்றை எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வரலாற்றிற் காணலாம்.

அம்மையார் 1916 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் நாள் மதுரையிலே, வீணை வல்ல சண்முகவடிவு அம்மாளின் மகளாகப் பிறந்தார். அவர் குடும்பம் தேவதாசி மரபைச் சார்ந்தது. அக்காலத்தில் அம்மரபுப் பெண்டிரின் இசையைச் சுவைத்தோர் பலர். அவர்களை மதித்தோர் சிலரே.

1928 இல் சென்னையில் சங்கீத வித்வத் சபை தோன்றியது. ஆண்டுதோறும் மார்கழியில் நடைபெறும் அதன் மாநாட்டிற்குத் தலைமை தாங்கும் வித்துவானுக்கு, 1942 முதல் ‘சங்கீத கலாநிதி’ என்னும் பட்டம் வழங்கப்பெற்றது. அம்மையார் 1930களிலேயே அச்சபை மேடையிற் பாடிப் புகழீட்டினார். ஆயினும், மேடையிற் பாடுதற்கும் இசையிலக்கணம் ஆராயும் அறிஞரவைக்குத் தலைமை தாங்குதற்கும் இடையே நெடுந்தொலைவு இருந்தது. அத்தலைமை இருக்கையில் பெண்ணொருவர் பல்லாண்டுகளாக அமர்ந்திலர்.

இதனிடையே பிற சிறப்புகள் அம்மையாரை நாடி வந்தன. பத்ம விருதுகள் தொடங்கிய 1954 ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் அளித்தது. 1956 இல் சங்கீத நாடக அக்கதமி விருது கிடைத்தது. 1963 இல் எடின்பரோ விழாவிலும், 1966 இல் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மண்டபத்திலும் அவர் பாடினார். உலகம் ஒப்பிய பின்னர், 1968 இலேயே சங்கீத கலாநிதிப் பட்டம் அவரை அடைந்தது. அதனைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

இவ்வரிசையின் பெருமை அவரோடு நின்றுவிடவில்லை. 1970 இல் டி. கே. பட்டம்மாளும், 1973 இல் பரதக் கலைஞர் பாலசரசுவதியும், 1977 இல் எம். எல். வசந்தகுமாரியும் அதே பட்டத்தைப் பெற்றனர். ஒருவர்க்குத் திறந்த கதவு பலர்க்கு வழியாயிற்று.

அம்மையார் தம் கலையாற் பெற்ற பொருளை அறப்பணிகட்கு வாரி வழங்கினார். 1944 இல் கஸ்தூரிபாய் நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்தார். பின்னரும் மருத்துவமனை, கல்விக்கூடம், கோயில் எனப் பலவற்றிற்குப் பாடிப் பொருள் திரட்டினார். இத்தொண்டிற்காகவே 1974 இல் பொதுச்சேவைக்குரிய மக்சேசே விருது அளிக்கப்பெற்றது. 1975 இல் பத்மவிபூஷணும், 1998 இல் பாரத ரத்தினாவும் கிடைத்தன. பாரத ரத்தினாப் பெற்ற முதல் இசைக்கலைஞரும் அவரே. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 11 ஆம் நாள் அவர் மறைந்தார்.

பட்டங்களின் எண்ணிக்கையைவிட அவை வந்த முறையே ஆராயத்தக்கது. நாடும் உலகமும் முன்னரே வழங்கிய மதிப்பை, தம் கலைக்குரிய அவை இறுதியிலேயே வழங்கிற்று. பிறப்பும் பாலும் நோக்காது திறமையைப் போற்றும் அவையே புலவரவை எனத்தகும். ஊவா மலைச்சாரலிற் பயிலும் மாணவரும் மாணவியரும் இவ்வரலாற்றினின்று அறியவேண்டிய உண்மை இதுவேயாம்.