இலை சொல்லாத கூர்

ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டி அரசனிடம் 19 வருடங்களுக்கு மேல் கைதியாக இருந்து, 1679இல் தப்பிப்போய், 1681இல் லண்டனில் ஒரு புத்தகம் அச்சிட்டார். காட்டில் வாழும் வேடர்கள் அம்பு முனை வாங்கும் விதத்தை அதில் எழுதியிருக்கிறார். இராத்திரியில் ஊருக்குள் வருவார்கள். கொல்லன் பட்டறையில் ஒரு சுமை இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். பக்கத்திலேயே, தங்களுக்கு வேண்டிய அம்பின் வடிவத்தில் வெட்டிய ஓர் இலையையும் தொங்கவிட்டுப் போய்விடுவார்கள். கொல்லன் அந்த அளவுக்கு அடித்து அதே இடத்தில் வைத்தால் மேலும் இறைச்சி வரும். அடிக்காமல் விட்டால் என்றாவது ஓர் இரவு அவன்மேல் அம்பு வரும்.

இந்தக் கதையை எடுத்துச் சொல்பவர்கள் எல்லோரும் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பயங்கரம், மர்மம், முகம் பார்க்காத வியாபாரம். எனக்கு அந்த இலைதான் பெரிதாகப் படுகிறது, காரணம் நான் ஆசாரி வீட்டுப் பிள்ளை. என் தாத்தா மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பட்டறை வைத்திருந்தவர். மலை உச்சியில் நின்றால் கீழே மகியங்கனை, பிந்தன்னைச் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். மேலே எங்கள் லயங்கள், கீழே வேடர் காடு. இரண்டும் ஒரே பதுளை மாவட்டம் என்பதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோமே தவிர, உணர்ந்ததில்லை.

இலை நல்ல அச்சு. நீளத்தைச் சொல்லும், அகலத்தைச் சொல்லும், தோள் எங்கே இறங்குகிறது, காம்பு எவ்வளவு என்பதையும் சொல்லும். கனத்தைச் சொல்லாது, கூரைச் சொல்லவே சொல்லாது. ஆகவே அந்தப் பட்டறையிலிருந்து போனது வடிவம் மட்டும்தான் என்பது என் துணிபு. வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, எடுத்தவன் வேடன். எந்தப் பட்டறையிலும் வேலை அப்படித்தான் பிரிந்திருக்கும். தாத்தா கவ்வாத்துக் கத்தி அடித்துக் கொடுக்கும்போது ஒன்று சொல்வார்: "அடிச்சுக் குடுக்கிறது எங் கடம. தீட்டுறது ஒங் கடம. மத்தவன் தீட்டுன கத்தி ஒங் கைக்கு ஒதவாது." கவ்வாத்து ஆட்களும் அதைக் கேட்டுக்கொண்டு, விடியற்காலையில் லயத்து வாசலில் தீட்டுக்கல்லையும் சிரட்டைத் தண்ணீரையும் வைத்து உட்கார்ந்துவிடுவார்கள்.

வேடர் அம்பின் இரும்பு முனை சின்னச் சமாச்சாரம் இல்லை. நாலு விரல் நீளத்தில் சிறியதும் உண்டு, யானைக்கென்று ஓர் அடியைத் தாண்டியதும் உண்டு. தண்டு பெரும்பாலும் வெலங் மரக்கொம்பு. வால் பக்கத்தில் மயில் முதலான பறவைகளின் இறகு. வில்லோ ஆள் உயரத்துக்கு நிற்கும். இவ்வளவு பெரிய இலைமுனை எதற்கு? துப்பாக்கி ரவை அடித்து உடைத்துக் கொல்லும். அம்பு அப்படிக் கொல்வதில்லை. உள்ளே போய் இரத்தக் குழாய்களை அறுத்து, இரத்தத்தைக் கொட்டவைத்துத்தான் கொல்ல முடியும். மழுங்கிய முனை பட்டால் குழாய் வழுக்கி ஒதுங்கிக்கொள்ளும். மான் காயத்தோடு ஓடி எங்கேயோ செத்துக் கிடக்கும், வேடனுக்கும் இல்லை, நரிக்குத்தான். கூரான முனை பட்ட மான் கொஞ்ச தூரத்திலேயே விழுந்துவிடும், இரத்தத் தடமும் விடும்.

கவ்வாத்து வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழுங்கிய கத்தியால் தேயிலைச் செடியை வெட்டினால் வாது கிழியும், பட்டை உரியும், அந்த இடத்திலிருந்து பட்டுக்கொண்டே கீழே இறங்கும். ஒரே வீச்சில், சாய்வாக, மழைத்தண்ணீர் தங்காமல் வழிந்து போகும்படி வெட்ட வேண்டும்.

தீட்டுவதில் இரகசியம் என்று ஒன்றும் இல்லை, பொறுமைதான். பட்டறையிலிருந்து வரும் தகட்டில் முதலில் அரமோ சொரசொரப்பான கல்லோ போட்டு வாய் இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சாய்வு, அடியிலிருந்து நுனி வரை ஒரே தள்ளல். ஒரு பக்கம் கூடித் தேய்ந்தால் முனையின் எடை ஒருபக்கமாகப் போய், அம்பு பறக்கும்போது ஆடும். பிறகு மென்மையான கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டினால் வாயின் ஓரத்தில் பிசிர் எழும்பும். அந்தப் பிசிரைக் கூர் என்று நினைத்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அதை மாறி மாறி இலேசாகத் தேய்த்து எடுத்த பிறகு வருவதே கூர். பழைய மெல்லிரும்பில் அது சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். ஓர் எலும்பில் பட்டால் திரும்பத் தீட்ட வேண்டியதுதான். அருங்காட்சியகங்களில் ஒரே வகை முனைகள் சில அகலமாகவும் சில ஒல்லியாகவும் இருப்பதற்குக் குல வேறுபாட்டைக் காரணமாகச் சொல்வார்கள். பாதியாவது தீட்டித் தீட்டித் தேய்ந்தவையாக இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. இரும்பு கிடைக்காத காட்டில் தேய்ந்ததற்காக யார் எறிவார்கள்?

அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்பது இன்னும் ருசியான கதை. ஊவா மேட்டுநிலத்தின் தெற்கு அடிவாரத்தில், பலாங்கொடைக்குப் பக்கத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்பட்ட காலத்தில், கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகப் பழைய இரும்பு உலைகளைக் கண்டார். துருத்தியே இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தில் எரிந்த உலைகள். 1996இல் நேச்சர் இதழில் இதை எழுதினார். கி.பி. முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை அவை. ஆடி ஆவணியில் மலையைத் தாண்டி எங்கள் பக்கம் காய்ந்த காற்றாக இறங்கி, ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசனையைக் கொடுப்பதும் அதே காற்றுதான். ஏலத்தில் ஊவா சீசன் தேயிலைக்கு விலை கூட்டிக் கேட்பவர்களுக்கு அது ஒரு காலத்தில் இரும்பு உருக்கிய காற்று என்று யாராவது சொல்லலாம். துருத்தி வைத்து உருக்குபவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பலாங்கொடைப் பக்கம் மிஞ்சியிருந்தார்கள். கனிம ஆய்வுத்துறைக்குத் தலைவராக இருந்த ஆனந்த குமாரசாமி அவர்களைப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்தார். கப்பலில் வந்த சீமை இரும்பு மலிவாகக் கிடைத்ததும் அந்த உலைகள் அணைந்தன.

இரும்புக்கு முன்பும் இந்த மலையில் கூர் இருந்தது. பண்டாரவளையில் சேர்ச் ஹில் மேட்டில், முதல் உலகப்போருக்குச் சற்று முன் ஹார்ட்லி என்பவர் தோண்டியபோது விரல்நகம் அளவுப் பளிங்குக்கல் ஆயுதங்கள் ஏராளமாகக் கிடைத்தன. பிறை, முக்கோணம் என்று அளந்து செய்தவை. களுத்துறை மாவட்டத்து பாஹியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகள் சுமார் 48,000 ஆண்டுப் பழமையான வில்வேட்டைக்குச் சான்று என்று 2020இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கல்முனையைத் தீட்ட முடியாது. ஓரத்தைச் சில்லு சில்லாகத் தெறிக்கவைத்துத்தான் புதுக் கூர் எடுக்க வேண்டும். கலிபோர்னியாவில் இஷி என்ற யானா இனத்து மனிதர் 1916இல் சாகும்வரை அப்படித்தான் எரிமலைக் கண்ணாடியில் முனை செய்துகொண்டிருந்தார். அவரிடம் வில்வித்தை கற்ற சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் பிறகு உருக்குத் தகட்டில் அகல முனை செய்து வேட்டையாடினார். இன்று அமெரிக்காவில் பழைய பாணி வில்லோடு காட்டுக்குப் போகிறவர்கள் அரமும் கல்லும் வைத்துக்கொண்டு மாலை முழுதும் தீட்டும் பழக்கத்துக்கு அவரும் ஒரு மூதாதை.

வேடருக்கு முனை வெறும் கருவியாகவும் இருக்கவில்லை. செலிக்மன் தம்பதி 1911இல் வெளியிட்ட பெரிய நூலில் 'அவுதே' என்ற சடங்கு அம்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நீண்ட அலகும் குட்டைப் பிடியும் கொண்டது. அதை எய்ய மாட்டார்கள். கிரிகொரஹ என்ற சடங்கில் தேங்காய்ப்பால் நிரப்பிய பானையைச் சுற்றி, முன்னோனான வேட்டைக்காரன் கண்டே யக்காவை அழைத்து ஆடும்போது ஆடுபவர் கையில் அது இருக்கும். எங்கள் தோட்டத்துக் கோயிலில் முனியாண்டி அரிவாளைத் தீட்டிச் சந்தனம் வைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை.

வெள்ளைக்காரர்கள் வேடரைப் பற்றி எழுதியதில் எல்லாமே நம்பத் தக்கதல்ல. மல்லாந்து படுத்துக் காலால் வில்லை வளைத்து எய்வார்கள் என்று ஒரு கதை டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் காலத்துப் புத்தகங்களில் வரும். பின்னால் வந்து கூடவே நடந்து பார்த்தவர்கள் அப்படி எழுதவில்லை. தூரத்துக் குறியில் அவர்கள் அப்படியொன்றும் சூரர்கள் அல்லர் என்பதும் பலர் எழுதிய விஷயம். காற்று பார்த்து, சருகு நொறுங்காமல், மானுக்குச் சில அடி தூரத்துக்குப் போய்விடும் திறமைதான் அவர்களுடையது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜோன் பெய்லி 1863இல் எழுதிய கட்டுரை அவற்றில் கொஞ்சம் நிதானமானது.

அந்த அம்பு பதுளைக் கச்சேரி வரைக்கும் ஒரு தடவை எட்டியது. 1817இல் வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி மூண்டபோது, பதுளை உதவி ரெசிடென்ட் சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் அம்பு பட்டுத்தான் செத்தார். அடுத்த வருடம் வெள்ளையர் ஊவாவை எரித்து அடக்கிய கதை ஊருக்கே தெரியும். அதன் பிறகு இந்த மலையில் துப்பாக்கியின் காலம். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேல் யானைகளைச் சுட்டார் என்பார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். பதுளை புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டதுதான். ஒரு யானைக்கு ஓர் அடி இரும்பை நாள் கணக்கில் தீட்டியவர்களுக்கு இந்த ஊரில் ஒரு கல்லும் நாட்டப்படவில்லை.

கடைசி அடியைக் கொடுத்தது சட்டம். 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியில் காடுகள் ஒவ்வொன்றாக வேலிக்குள் போயின. 1983இல் மதுறு ஓயா தேசிய பூங்காவானது. வேட்டைக்காட்டை இழந்த குடும்பங்களை மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். வேடர் தலைவர் ஊருவரிகே திசாஹாமி மட்டும் சில குடும்பங்களோடு வேடர் கிராமமான தம்பானவை விட்டு நகரமாட்டேன் என்று இருந்து, 1998இல் காலமானார். இப்போது அவர் மகன் வன்னில அத்தோ தலைவர். எங்கள் பக்கத்திலும் பட்டறை அதே காலத்தில்தான் ஓய்ந்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகள் கைக்குப் போனபோது கத்திகள் கடையிலிருந்து வரத் தொடங்கின.

போன வருடம் பேரப்பிள்ளைகளோடு தம்பானவுக்குப் போனேன். விற்பனைக்கு வைத்திருந்த அம்புகளில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். வாயே இறக்கவில்லை, தகடு வெட்டியபடியே இருந்தது. அது தப்பில்லை, உல்லாசப் பயணிகளின் பெட்டிக்குள் போவதற்கு அதுவே நல்லது. விற்றுக்கொண்டிருந்த இளைஞனின் தோளில் கிடந்த கோடரியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முழங்கை முடியை இழுத்தால் சிரைத்துவிடும் போல இருந்தது. தேன் எடுக்க மரப்பொந்தைத் திறக்க அது வேண்டும் என்றான். எந்தக் கல் என்று கேட்டேன். ஆற்றுக்கல் போதும், ஆனால் கடைசியில் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, என் கையிலிருந்து கோடரியை வாங்கிக் காட்டத் தொடங்கினான்.